சைன் வரைபடத்தை மேலே தூக்கினால் எது மாறும், எது மாறாது

கோத்தகிரிப் பக்கம் ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சைன் எக்ஸுக்கு வீச்சு 1. சைன் எக்ஸ் + 2 என்றால் உச்சம் 3 வரை போகிறது, அப்போ வீச்சு 3 தானே? ஸார் தப்பு என்கிறார். முன்னால் எக்ஸ் அச்சை வெட்டிய புள்ளிகளெல்லாம் எங்கே போயின? டேன், செக் இதற்கெல்லாம் இப்படிக் கூட்டினால் என்ன ஆகும்? 2 சைன் எக்ஸ் + கே = 0 என்பதற்கு 0 முதல் 360 டிகிரி வரை எத்தனை தீர்வு என்று வீட்டுப்பாடத்தில் இருக்கிறது, அதுவும் பிடிபடவில்லை."

ஸார் சொன்னதுதான் சரி தம்பி. வீச்சு 1 தான். 2 கூட்டினாலும் 1, 200 கூட்டினாலும் 1. ஆனால் நீ குழம்பியதில் உன் பங்கு பாதிதான், மீதிப் பாதி நம் பாடப்புத்தகச் சொற்களின் பங்கு. வீச்சு என்று ஒன்று இருக்கிறது, வீச்சகம் என்று இன்னொன்று இருக்கிறது, பரீட்சை அவசரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் கண்ணில் படும். வீச்சு என்பது அலை தன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு ஏறுகிறது, அதே அளவு எவ்வளவு இறங்குகிறது என்பது. வீச்சகம் என்பது அந்தச் சார்பு எந்தெந்த மதிப்புகளை எடுக்கும் என்பது. சைன் எக்ஸ் + 2 க்கு வீச்சு 1, வீச்சகம் 1 முதல் 3 வரை, நடுக்கோடு 2. வெறும் சைன் எக்ஸுக்கு நடுக்கோடு எக்ஸ் அச்சிலேயே படுத்துக் கிடப்பதால் உச்ச மதிப்பும் வீச்சும் ஒரே எண்ணாக வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் உச்சம்தான் வீச்சு என்று மனசில் பதிந்துவிடுகிறது, நடுக்கோடு நகர்ந்ததும் மாட்டிக்கொள்கிறோம். உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுக்கோடு, கழித்து இரண்டால் வகுத்தால் வீச்சு. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் இந்த இரண்டு கணக்கையும் முதலில் போட்டுவிடு, அப்புறம் மற்றது.

(போனில் தட்டுவதால் குறியீடுகளை எழுத்திலேயே எழுதுகிறேன். கோணமெல்லாம் டிகிரியில்.)

இது நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய கிராஃப் ஷீட்கூட வேண்டாம், பஸ் டிக்கெட் போதும். ஏப்ரல் மாதம் மேட்டுப்பாளையத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள பஸ் ஏறுகிறோம், குஞ்சப்பனை தாண்டும்போது ஜன்னலைப் பாதி சாத்துகிறோம், கோத்தகிரி வருவதற்குள் யாராவது ஒருவர் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துவிடுகிறார். சூரியன் கீழேயும் மேலேயும் ஒன்றுதான், உதிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உயரம் கூடக்கூடக் காற்று சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2240 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர், அதாவது 12 டிகிரிச் சொச்சம். சொச்சத்தை விட்டுவிடலாம்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு நாள் வெப்பநிலை 24 க்கும் 36 க்கும் நடுவே ஆடுகிறது என்று வைத்துக்கொள். நடுக்கோடு 30, வீச்சு 6. கணக்காக எழுதினால்: வெப்பநிலை = 30 + 6 சைன்(15(மணி − 9)). மணி என்பது நள்ளிரவிலிருந்து எண்ணும் 24 மணி நேரக் கணக்கு. ஒரு நாளைக்கு 24 மணி, ஒரு சுற்றுக்கு 360 டிகிரி, அதனால்தான் அந்த 15. அதே நாளில் ஊட்டிக்கு என்ன? 18 + 6 சைன்(15(மணி − 9)). மாறியது 30 என்ற அந்த ஓர் எண் மட்டும். காலை 9 மணிக்குக் கீழே 30, மேலே 18. மாலை 3 மணிக்கு 36, 24. நடுராத்திரி தாண்டி 3 மணிக்கு 24, 12. எந்த மணியை எடுத்தாலும் இடைவெளி அதே 12. உச்சம் வரும் நேரம் மாறவில்லை, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறவில்லை, காலையில் வெயில் ஏறும் வேகமும் மாறவில்லை. வரைபடத்தை அப்படியே கத்தரித்து எடுத்து 12 கட்டம் கீழே ஒட்டியது மாதிரி. நாம் மலை ஏற ஏற வரைபடம் கீழே இறங்குகிறது என்பதில் என் டியூஷன் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு சிரிப்பு.

உண்மையான வெப்பநிலை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குளிர் உச்சத்துக்குப் போவது 3 மணிக்கல்ல, விடியும் நேரத்தை ஒட்டித்தான். மேகம் மூடினால் ஏற்ற இறக்கமே சுருங்கிவிடும். ஆடி மாத மழையில் ஊட்டியில் பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. சைன் என்பது இங்கே ஒரு நல்ல தோராயம், அவ்வளவுதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. செங்குத்து நகர்வில், அதாவது வரைபடத்தை அப்படியே மேலேயோ கீழேயோ நகர்த்துவதில், எது மாறும் எது மாறாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாதே. எந்தக் கேள்வி வந்தாலும் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இதற்குப் பதில் சொல்ல எக்ஸ் அச்சு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமா? தெரிய வேண்டும் என்றால் அது மாறக்கூடும். தேவையில்லை, அலையை மட்டும் பார்த்தாலே போதும் என்றால் மாறாது. வீச்சு, காலம் (ஒரு சுற்று முடிய ஆகும் அளவு), உச்சம் வரும் இடம், ஏறும் சரிவு இவற்றையெல்லாம் எக்ஸ் அச்சை அழித்துவிட்டுக்கூடச் சொல்லிவிடலாம். உச்ச மதிப்பு எவ்வளவு, எங்கே பூச்சியம், எங்கே மிகை, எங்கே குறை, அடியில் பரப்பு எவ்வளவு என்பதற்கெல்லாம் அச்சு வேண்டும்.

இது எனக்கே ஒரு வெப்பமானியால்தான் உறைத்தது. சில வருஷம் முன்னால் டியூஷன் பிள்ளைகளோடு ஒரு வாரம் வெப்பநிலை எடுத்தோம். சிவப்புத் திரவம் ஏறுமே, அந்தச் சாதாரண வெப்பமானிதான். ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கம் கட்டி, மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுதுவது. பகல் முறை அவர்களுக்கு, ராத்திரி முறை அலாரம் வைத்துக்கொண்டு எனக்கு. வாரக் கடைசியில் ஒரு பெண் எங்கிருந்தோ ஐஸ் கொண்டுவந்தாள். உடைத்து டம்ளரில் போட்டு, பாதி உருகிய தண்ணீரில் வெப்பமானியை இறக்கினோம். 0 க்கு வர வேண்டிய சிவப்புக் கோடு 2 இல் நின்றுவிட்டது. கலக்கிப் பார்த்தோம், ஐந்து நிமிஷம் காத்திருந்தோம், அசையவில்லை. கண்ணாடிக் குழாய் அட்டையில் சற்று மேலே வழுக்கி ஒட்டியிருந்தது என்று அப்புறம்தான் கண்டுபிடித்தோம். ஒரு வார நோட்டையும் கிழித்துப் போட வேண்டியதுதானா என்று பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று.

கிழிக்க வேண்டியதில்லை. எல்லா அளவுகளும் ஒரே மாதிரி 2 கூடுதல், அதாவது அசல் வரைபடம் + 2. தினசரி ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று நாங்கள் எழுதியது சரி. எந்த மணிக்கு வெயில் உச்சம் என்பதும் சரி. காலை 7 முதல் 10 வரை மணிக்கு எத்தனை டிகிரி ஏறியது என்பதும் சரி. "12 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம்" என்று போட்டிருந்த ஒரே ஒரு வரிதான் குப்பை, ஏனென்றால் அது மட்டும் ஒரு நிலையான கோட்டை வைத்து அளந்தது. இயற்பியல் லேபில் வெர்னியருக்குச் சுழிப்பிழை பார்க்கச் சொல்வார்களே, அதுவும் இதே நகர்வுதான். (கொதிநீரில் சோதித்திருந்தால் இன்னும் குழம்பியிருப்போம்: கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எங்கள் வெப்பமானி 96 காட்டியிருக்கும், 4 டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்று முடிவு கட்டியிருப்போம். உருகும் ஐஸ் மலையிலும் 0 தான்.)

அடுத்தது உன் இரண்டாவது கேள்வி, வெட்டுப்புள்ளிகள் எங்கே போயின என்பது. திடீரென்று காணாமல் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார். சைன் எக்ஸ் 180 லும் 360 லும் அச்சை வெட்டுகிறது, நடுவில் உள்ள பள்ளம் அச்சுக்குக் கீழே. 0.5 தூக்கினால் வெட்டுப்புள்ளிகள் 210, 330. 0.9 தூக்கினால் சுமார் 244, 296. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வருகின்றன. சரியாக 1 தூக்கினால் இரண்டும் 270 இல் ஒன்றாகிவிடும். அலை அச்சை வெட்டாமல் தொட்டுவிட்டு மட்டும் மேலே போகும். அதற்குமேல் ஒரு நூல் தூக்கினாலும் வெட்டுப்புள்ளியே கிடையாது. ஆக, நகர்வின் அளவு வீச்சைவிடச் சின்னதாக இருந்தால் சுற்றுக்கு இரண்டு, சமமாக இருந்தால் ஒன்று, பெரிதாக இருந்தால் ஒன்றும் இல்லை. கீழே இறக்கினாலும் இதே கதை, மேட்டின் பக்கம் நடக்கும்.

இதில் ஓர் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம் ஊர் உறைபனி. டிசம்பர் ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெளுத்துக் கிடக்கும். நேற்று ஒன்றும் இல்லை, இன்று கார் கண்ணாடி வரை வெள்ளை. ஆனால் ஒரு நாளில் குளிர் அப்படி ஒன்றும் தலைகீழாகக் கூடியிருக்காது. இது எப்படி? புல்மட்டத்து வெப்பநிலைக்கு வீச்சு 8 என்று வைத்துக்கொள். நடுக்கோடு 8 ஆக இருந்தால் அடிமட்டம் சரியாக 0, தொட்டுவிட்டுப் போகிறது, 0 க்குக் கீழே ஒரு நிமிஷம்கூட இல்லை. நடுக்கோடு ஒரே ஒரு டிகிரி இறங்கி 7 ஆகட்டும். 0 க்குக் கீழே எவ்வளவு நேரம்? சைன் மதிப்பு −7/8 க்குக் கீழே இருக்கும் கோணம் சுமார் 241 இலிருந்து 299 வரை, 58 டிகிரி. மணிக்கு 15 டிகிரி என்றால் ஏறக்குறைய 3 மணி 52 நிமிஷம். பூச்சியத்திலிருந்து ஒரே தாவலில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம்! இன்னொரு டிகிரி இறங்கி 6 ஆனால் 5 மணி 31 நிமிஷம், அதாவது கூடுதலாக 1 மணி 39 நிமிஷம்தான். அதற்கும் கீழே 5 என்றால் 6 மணி 51 நிமிஷம், கூடுதல் 1 மணி 20.

முதல் டிகிரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெயிட்? அலையின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால்தான். உச்சியிலும் அடியிலும் சைன் மெதுவாகத் திரும்பும், அந்த இடத்தில் கோட்டை ஒரு துளி நகர்த்தினாலும் அகலமான துண்டு கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். நடுவில் சரிவு செங்குத்தாக இருப்பதால் அங்கே நகர்த்தினால் வெட்டுப்புள்ளி அவ்வளவாக அசையாது. ராத்திரி 3 மணி, 4 மணி என்று நாள் தவறாமல் எழுந்து பாத்திகளை மூடும் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் "ஒரு டிகிரிதானே" என்று அவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதே விஷயம் பகல் நீளத்திலும் ஒளிந்திருக்கிறது, இங்கேதான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குவார்கள். ஊட்டியில் ஜூன் 21 வாக்கில் பகல் சுமார் 12 மணி 47 நிமிஷம், டிசம்பர் 22 வாக்கில் சுமார் 11 மணி 27 நிமிஷம். நடுவில் உள்ள மாதங்களில் ஏறக்குறைய சைன் மாதிரி போய்வருகிறது. நடுக்கோடு என்ன என்று கேட்டால் வகுப்பே 12 என்று கத்தும். கூட்டி இரண்டால் வகுத்துப் பார்: 12 மணி 7 நிமிஷம். வீச்சு 40 நிமிஷம். அந்த 7 நிமிஷம் எங்கிருந்து வந்தது? சூரியன் ஒரு புள்ளியல்ல, தட்டு. அதன் மேல் விளிம்பு தெரிந்தாலே உதயம் என்கிறோம், மேல் விளிம்பும் மறைந்தால்தான் அஸ்தமனம் என்கிறோம். போதாததற்குக் காற்று ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கிற சூரியனையும் மேலே தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து வருஷம் முழுக்க எல்லா நாளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரத்தைக் கூட்டுகின்றன. வருஷம் முழுக்க ஒரே அளவு கூடினால் அதன் பெயர் செங்குத்து நகர்வு, வேறென்ன?

இதன் விளைவைப் பார். பகலும் இரவும் சமம் என்று நாம் படித்த மார்ச் 20, 21 இல் ஊட்டியில் பகல் 12 மணி அல்ல, 12 மணி 7 நிமிஷம். சரியாக 12 மணிப் பகல் வருவது அதற்குச் சுமார் பத்து நாள் முன்னாலேயே. இலையுதிர் பக்கம் செப்டம்பர் 23 க்குச் சுமார் பத்து நாள் கழித்து. அலையைத் தூக்கியதும் ஏறும்போது வெட்டும் புள்ளி முன்னால் போயிற்று, இறங்கும்போது வெட்டும் புள்ளி பின்னால் போயிற்று, சைன் எக்ஸ் + 0.5 இல் பார்த்தோமே அதேதான். கொடைக்கானலுக்கும் நடுக்கோடு 12 மணி 7 நிமிஷம் வாக்கில்தான், வீச்சு மட்டும் 36 நிமிஷம். டெல்லிக்கு நடுக்கோடு 12 மணி 8 நிமிஷத்தைச் சுற்றி, வீச்சோ 1 மணி 50 நிமிஷத்தை நெருங்கும். ஊர் வடக்கே போகப் போக வீச்சு வளர்கிறது, நடுக்கோடு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீச்சைத் தீர்மானிப்பது அட்சரேகை. நம் அட்சரேகையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரைக்குப் போ: 1970 முதல் அங்கே இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை, சுமார் 11 டிகிரி சரிந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காகக் கட்டினார்கள். ஊரின் அட்சரேகையும் அந்தச் சரிவும் ஒன்று என்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. (மலையில் நம் கண்ணுக்குத் தெரியும் உதயம் எதிர்மலையைப் பொறுத்தது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதே.)

ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு பற்றி இரண்டு வரி. சைன் ஒற்றைச் சார்பு (எக்ஸின் குறியை மாற்றினால் மதிப்பின் குறியும் மாறும்), 1 கூட்டியதும் அந்தப் பட்டம் போய்விடும், ஏனென்றால் ஒற்றைச் சார்பு ஆதிப்புள்ளி வழியாகப் போயாக வேண்டும். சமச்சீர் அழியவில்லை, அதன் மையம் (0, 1) க்குக் குடிபோய்விட்டது, அவ்வளவே. கொசைன் இரட்டைச் சார்பு (எக்ஸின் குறியை மாற்றினாலும் மதிப்பு மாறாது). எவ்வளவு கூட்டினாலும் இரட்டைச் சார்பாகவே இருக்கும், அதன் சமச்சீர் ஒய் அச்சைப் பொறுத்தது, நாம் தூக்குவதோ அதே அச்சின் வழியாக. வகைக்கெழு மாறாது, மாறிலியின் வகைக்கெழு 0. தொகையீடு மாறும்: முழுச் சுற்றுக்கு சைன் எக்ஸின் தொகை 0, சைன் எக்ஸ் + 2 க்கு 2 × 2 பை, அதாவது 4 பை (இங்கே மட்டும் கோணம் ரேடியனில், முழுச் சுற்று 2 பை).

டேன், செக் விஷயத்துக்கு வருகிறேன். டேனுக்கு உச்சமும் இல்லை தாழ்வும் இல்லை, அதனால் வீச்சு என்ற பேச்சே இல்லை. வீச்சகம் எல்லா மெய்யெண்களும். 1 கூட்டினாலும் எல்லா மெய்யெண்களும்தான். தொலைத்தொடுகோடுகள் (வரைபடம் நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமல் விடும் கோடுகள்) 90, 270 என்று நெட்டுக்குத்தாக நிற்பவை, நெட்டுக்குத்தாகத் தூக்கினால் அவை எங்கே போகும்? நின்ற இடத்திலேயே நிற்கும். நகர்ந்தது தெரிவது வெட்டுப்புள்ளிகளில் மட்டும்: டேன் எக்ஸ் + 1 வெட்டுவது 135, 315 இல், முன்பு 0, 180, 360. கவனி, இங்கே எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தன, இடைவெளி அதே 180. சைனில் போல ஒன்றையொன்று நெருங்கவில்லை, எவ்வளவு தூக்கினாலும் காணாமல் போகவும் இல்லை. செக் (1/கொசைன்), கோசெக் (1/சைன்) இரண்டிலும் −1 க்கும் 1 க்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும், வரைபடம் அந்தப் பட்டைக்குள் நுழையவே நுழையாது. தூக்கும்போது அந்தப் பட்டையும் கூடவே போகிறது. சைனுக்குத் தலைகீழ் நியாயம் இங்கே: சாதாரண செக் எக்ஸ் அச்சைத் தொடுவதே இல்லை, 0.5 தூக்கினாலும் பட்டை −0.5 முதல் 1.5 வரை, 0 இன்னும் பட்டைக்குள், வெட்டாது. கோசெக் எக்ஸ் + 2 என்றால் பட்டை 1 முதல் 3. 0 வெளியே வந்துவிட்டது, கோசெக் −2 ஆகும் 210, 330 இல் வெட்டுகிறது. சைனில் நகர்வு கூடினால் வெட்டுப்புள்ளி போகும், கோசெக்கில் நகர்வு கூடினால் வெட்டுப்புள்ளி வரும்.

அடைப்புக்குறி விஷயம் நீ கேட்கவில்லை, இருந்தாலும் நான் திருத்தும் தாள்களில் பாதிச் சிவப்பு மை அங்கேதான் போகிறது. சைன்(எக்ஸ் + 30) என்பதில் கூட்டல் கோணத்துக்குள் நடக்கிறது, அதனால் படம் பக்கவாட்டில், அதுவும் இடப்பக்கம் போகும். சைன் எக்ஸ் + 2 இல் சைன் கண்டுபிடித்து முடித்த பிறகு கூட்டுகிறோம், படம் மேலே போகும். 3 சைன் எக்ஸ் + 2 க்கு நடுக்கோடு 2. 3(சைன் எக்ஸ் + 2) க்கு நடுக்கோடு 6, ஏனென்றால் தூக்கிய பிறகு இழுத்தால் தூக்கிய உயரமும் மூன்று மடங்காகும். 2 − 3 சைன் எக்ஸ் என்று கொடுத்தால் பயப்படாதே: நடுக்கோடு 2, வீச்சு 3 (வீச்சுக்குக் கழித்தல் குறி கிடையாது), உச்சம் 5, தாழ்வு −1, ஆனால் அலை தலைகீழ், உச்சம் 270 இல் வரும். மட்டுக் குறி (குறை மதிப்பையும் மிகையாக்கும் குறி) போட்டால் வரிசை இன்னும் முக்கியம். சைன் எக்ஸின் மட்டு மதிப்புக்குக் காலம் 180, எல்லா மேடும் ஒரே உயரம். 0.5 கூட்டிவிட்டு மட்டு எடுத்தால் ஒரு மேடு 1.5 உயரம், அடுத்தது 0.5 உயரக் குட்டி மேடு, காலம் மறுபடி 360 ஆகிவிடும். நகர்வு காலத்தை மாற்றாது என்று மேலே சொன்னேனே என்று கேட்பாய். நகர்வு மாற்றவில்லை, அச்சுக்குக் கீழே இருப்பதை மடக்குகிற மட்டுதான் மாற்றியது, அதற்கு அச்சு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நகர்வு சில இடங்களில் வேஷம் போட்டுக்கொண்டும் வரும். சைன் வர்க்கம் எக்ஸ் வரைபடத்தை வரைந்து பார். 0 க்கும் 1 க்கும் நடுவே, அழகான அலை. அது அலை மாதிரி இருப்பது தற்செயல் இல்லை, அது அலையேதான்: 1/2 − 1/2 கொசைன் 2எக்ஸ். நடுக்கோடு 1/2, வீச்சு 1/2, காலம் 180. கொசைன் வர்க்கம் என்பது 1/2 + 1/2 கொசைன் 2எக்ஸ். இரண்டையும் கூட்டினால் அலைகள் ஒன்றையொன்று அடித்துவிட, இரண்டு நடுக்கோடுகள் மட்டும் மிஞ்சி 1 ஆகிறது. சைன் வர்க்கம் + கொசைன் வர்க்கம் = 1 என்பதை முக்கோணம் இல்லாமல் படமாகப் பார்ப்பது இப்படித்தான். உன் வீட்டு மின்சாரமும் இதுதான். 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே, அதிலிருந்து இன்று வரை நமக்கு வருவது மாறுதிசை மின்சாரம். மின்னழுத்தம் நொடிக்கு 50 சுற்று, நடுக்கோடு 0, உச்சம் சுமார் 325 வோல்ட். ஹீட்டருக்குப் போகும் திறனோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, வர்க்கம் எடுத்ததும் அலை முழுக்க அச்சுக்கு மேலே ஏறிவிடுகிறது, நொடிக்கு 100 துடிப்பு, நடுக்கோடு உச்சத்தில் சரிபாதி. 325 இன் வர்க்கத்தில் பாதி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 230 வரும். சுவிட்ச் போர்டில் சொல்லும் 230 வோல்ட் அந்த நடுக்கோட்டிலிருந்து பிறந்த எண். மின்னழுத்தத்தின் சராசரி 0 ஆக இருந்தும் குளிர்கால ராத்திரியில் ஹீட்டர் சுடுகிறதே என்று யோசித்திருக்கிறாயா? இந்த நகர்வால்தான்.

சரி, வீட்டுப்பாடம். 2 சைன் எக்ஸ் + கே = 0. இதில் வீச்சு 2, நகர்வு கே. கே 2 ஐவிடப் பெரிதானாலும் −2 ஐவிடச் சிறிதானாலும் அலை அச்சைத் தொடவே தொடாது, தீர்வு இல்லை. கே = 2 என்றால் பள்ளம் தொடும், 270 இல் ஒரே தீர்வு; கே = −2 என்றால் மேடு தொடும், 90 இல் ஒரே தீர்வு. −2 க்கும் 2 க்கும் நடுவில் என்றால் இரண்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடாதே. நடுவில் கே = 0 இருக்கிறது, அப்போது சைன் எக்ஸ் = 0, 0 லும் 180 லும் 360 லும் வெட்டும், மூன்று தீர்வு. 360 ஐச் சேர்க்காமல் கேட்டிருந்தால் அங்கேயும் இரண்டுதான். நீ எழுதியிருப்பது "360 வரை" என்பதால் கேள்வித்தாளில் சமக்குறியும் சேர்ந்திருக்கிறதா, வெறும் சிறிது என்ற குறியா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு எழுது.